தூசி யாருக்கு, மேடை யாருக்கு?

என்.எல்.சி. ஒரு பொதுத்துறை நிறுவனம். அதன் நிரந்தரப் பணியிடங்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. எந்த இடம் யாருக்கு என்று காட்டும் இனச்சுழற்சிப் பதிவேடு உண்டு. பட்டியல் சாதி ஊழியர்களின் குறைகளைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் உண்டு. இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்பது தனிச் சண்டை. ஆனால் சண்டை போடுவதற்கு ஒரு பதிவேடாவது இருக்கிறது.

அந்த நிறுவனம் கிளப்பும் தூசியைப் பற்றி நமக்கு வகுப்பெடுக்கும் சூழலியல் தொண்டு அமைப்புகளுக்கு அப்படிப் பதிவேடு வைக்கும் கட்டாயம் எதுவும் இல்லை. அவற்றின் அறங்காவலர் குழுவில் யார் இருக்கிறார்கள், மாதச் சம்பளம் யாருக்கு, மதிப்பூதியம் யாருக்கு, மேடையில் பேசுவது யார், ஊருக்குள் வழிகாட்டுவது யார்? இந்தக் கேள்விகளைக் கேட்டால், 'சூழலுக்கு ஏது சாதி தோழர்?' என்று பதில் வருகிறது. நெய்வேலியை வைத்தே அதற்குப் பதில் சொல்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சூழலியல் அமைப்புகள் வேண்டாம் என்பவர்கள் அல்ல நாங்கள். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து நெய்வேலி, பரங்கிப்பேட்டை பகுதிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். நீரும் மண்ணும் சோதிக்கப்பட்ட 31 இடங்களில் 17 இடங்கள் கடுமையாக மாசுபட்டிருப்பதாக அது சொன்னது. வடக்கு வெள்ளூர் ஊராட்சி தொல்காப்பியர் நகரில் நிலத்தடி நீரில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைவிட 250 மடங்கு இருப்பதாகச் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. எத்தனையோ ஆண்டுகளாக 'தண்ணி சரியில்ல' என்று மக்கள் சொல்லிவந்ததற்கு எண் கிடைத்தது. அந்த உழைப்பை மதிக்கிறோம். இத்தகைய அமைப்புகள் முக்கியமானவை என்பதால்தான் அவற்றின் தலைமையைப் பற்றிக் கேட்கிறோம்.

இப்போது நெய்வேலிக்கு வருவோம். 1956இல் நிறுவனம் பதிவானது. 1957இல் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தவர் நேரு. நகரியம் வட்டம் வட்டமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது: அகலமான சாலை, மரநிழல், பள்ளி, மருத்துவமனை. வளைவு வாயிலைத் தாண்டி வெளியே வந்தால் வேறு உலகம். தூசி எல்லோர் மீதும் விழுகிறது, உண்மை. ஆனால் விழுந்த பிறகு மருத்துவ அட்டை இருப்பவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர். குடிநீர்க் குழாய் இருக்கும் வீடு ஒன்று, அடிபம்பை நம்பியிருக்கும் காலனி ஒன்று.

நிலம் எடுத்த கதையும் இப்படித்தான். பட்டா இருந்தவருக்கு இழப்பீடு, மாற்று மனை, வேலை என்று கேட்க ஒரு காகிதம் இருந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, அறுவடை செய்து பிழைத்த நிலமற்றவரிடம் என்ன காகிதம் இருந்தது? நம் மாவட்டங்களில் அந்த நிலமற்றவர் பெரும்பாலும் யார் என்று இந்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுப்பாதைக்காக வளர்ந்துகொண்டிருந்த நெற்பயிரின் மீது மண்வெட்டி இயந்திரங்களை இறக்கினார்கள். நாடே பார்த்தது. உயர் நீதிமன்றத்திலேயே வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அரசியல் கட்சிகள் போராடின. சூழலியல் அமைப்புகள் அறிக்கை விட்டன. எல்லாம் நியாயம். ஆனால் பேசியதெல்லாம் நிலத்தின் சொந்தக்காரரைப் பற்றி. அந்த வயலில் அடுத்த களையெடுப்புக்கும் அறுவடைக்கும் போயிருக்க வேண்டிய பெண்களின் கூலிக் கணக்கை யார் எடுத்தார்கள்?

2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்குத் தரும் வரையறையில் நில உரிமையாளர் மட்டும் இல்லை. மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரதாரர், கைவினைஞர் எல்லோரும் அதில் உண்டு. பட்டியல் சாதியினருக்கென்று தனிப் பிரிவுகளும் அதில் உண்டு. காலனியிலிருந்து வந்த ஒருவர் ஓர் அமைப்பின் பொறுப்பில் இருந்தால், முதல் நாளே கூலிக்காரர் பட்டியலைத் தயாரித்திருப்பார். படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சட்ட நுணுக்கமல்ல அவருக்கு இது. அவர் வீட்டு அடுப்பு எரியுமா என்ற கேள்வி.

தலைமை யார் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. யார் தலைமையில் இருக்கிறார்களோ அவர்களுக்குத் தோன்றும் கேள்விதான் ஆய்வாகிறது, ஆவணப்படமாகிறது, பள்ளிக்கூடத்துக் கையேடாகிறது. 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலிருந்து சுற்றுச்சூழல் கல்வி படிப்படியாகக் கட்டாயமானது. கல்லூரியில் நீங்களும் அந்தத் தாளை எழுதித் தேறியிருப்பீர்கள். ஓசோன் படலம் இருந்திருக்கும், புலிகள் இருந்திருக்கும். மலக்குழிச் சாவு இருந்ததா? 1927இல் மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்தது இருந்ததா? பொதுநீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இந்த நாட்டில் அதைவிடக் கூர்மையாகக் கேட்ட போராட்டம் எது?

'இது நம் ஊர்ச் சாதிப் புத்தி, வெளிநாட்டில் இப்படிக் கேட்பார்களா?' என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களைச் சேர்ந்த செயற்பாட்டாளர்கள், அந்நாட்டின் பத்துப் பெரிய சூழலியல் அமைப்புகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நச்சுக் கழிவு எங்கள் குடியிருப்புகளில், உங்கள் நிர்வாகக் குழுவில் எங்களில் ஒருவரும் இல்லையே என்பதுதான் அதன் சாரம். மறு ஆண்டே வாஷிங்டனில் கறுப்பின, பூர்வகுடி, லத்தீன், ஆசிய மக்கள் தங்கள் சொந்தச் சூழலியல் தலைமை மாநாட்டைக் கூட்டி 17 கோட்பாடுகளை அறிவித்தார்கள். 2014இல் டோர்செட்டா டெய்லர் என்ற ஆய்வாளர் எண்ணிப் பார்த்தபோதும், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த அவர்கள் சூழலியல் அமைப்புகளின் ஊழியர்களில் 16 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அங்கே எண்ணியாவது பார்த்தார்கள். நம்மூரில் எந்த அமைப்பின் ஆண்டறிக்கையில் அந்தப் பக்கம் இருக்கிறது?

இன்னொரு காரணமும் இருக்கிறது. 'சுரங்கத்தை மூடு' என்பது இன்று உலகம் முழுக்கக் கேட்கும் முழக்கம். நெய்வேலியில் 600 மெகாவாட் திறனுள்ள முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது. மற்றவையும் ஒருநாள் நிற்கும். அப்போது நிரந்தர ஊழியருக்கு இடமாற்றம் இருக்கும், ஓய்வூதியம் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு? 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது நிரந்தர ஊழியரோடு ஒப்பந்தத் தொழிலாளர்களும் எரிந்து செத்தார்கள். மூடும்போதும் முதலில் தெருவுக்கு வரப்போவது அவர்கள்தான். நம் பிள்ளைகள் இடஒதுக்கீட்டில் ஏறிவந்த பொதுத்துறைப் படிக்கட்டும் கூடவே போகும். மூச்சும் வேண்டும், பிழைப்பும் வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் பேச, இரண்டையும் இழக்கப்போகிறவர் தலைமையில் இருக்க வேண்டும்.

'தகுதியானவர் வந்தால் சேர்த்துக்கொள்வோம்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் திட்டவரைவு எழுதத் தெரிவது மட்டுமா தகுதி? எந்தக் கிணறு எந்த ஆண்டு கெட்டது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாக வருகிறது என்று தெரிவது தகுதி இல்லையா? 'எங்களிடம் பணமில்லை, எல்லோரும் தன்னார்வலர்கள்' என்கிறார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் சம்பளமில்லாமல் உழைக்க யாரால் முடியும்? வீட்டில் சோறு உறுதியாக இருப்பவரால் முடியும். தன்னார்வம் என்பதே ஒரு சல்லடையாகிவிடுகிறது.

எனவே சூழலியல் அமைப்புகளிடம் நாங்கள் கேட்பது நான்கு. ஒன்று, தனிநபர் சாதியைத் தோண்டாமல், நிர்வாகக் குழுவிலும் சம்பளப் பணியிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர் என்று ஆண்டறிக்கையில் அச்சிடுங்கள். இரண்டு, எந்த ஊரைப் பற்றி வேலை செய்கிறீர்களோ அந்த ஊரின் காலனிக்கு முடிவெடுக்கும் குழுவில் இடம் கொடுங்கள். மூன்று, மாதிரி எடுக்கவும் வீடு வீடாகக் கேட்கவும் உதவும் உள்ளூர் இளைஞர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் கொடுத்து, அறிக்கையில் அவர்கள் பெயரையும் போடுங்கள். நான்கு, முடிவுகளைச் சென்னையில் வெளியிடும் முன் அந்தத் தெருவில் தமிழில் படித்துக்காட்டுங்கள்.

மாணவத் தோழர்களே, அவர்கள் நாற்காலி போடும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். திட்டச் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். அதை வாங்கிப் படியுங்கள். கூட்டத்தில் எழுந்து பேசி, பேசியது பதிவாகிறதா என்று பாருங்கள். உங்கள் தெருவின் கிணறு, அடிபம்பு, நோய், கூலி நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நீர்ச் சோதனை முடிவுகளைக் கேளுங்கள். நாளை ஓர் அமைப்பு உங்கள் ஊருக்கு வந்து வழி கேட்டால், வழி காட்டுங்கள். கூடவே அந்த நோட்டையும் காட்டி, இந்த ஆய்வில் எங்கள் பொறுப்பு என்ன என்று கேளுங்கள்.

ஜெய் பீம்!