அவன் பற்றவில்லையா? அவசரப்படாதீங்க!

ராஜபாளையத்தில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. வீட்டிலேயே கேக் செய்து விற்கும் மருமகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு மூன்று கிலோ கேக் ஒப்புக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மாவு கலக்கி டின்னில் ஊற்றியாயிற்று. கேஸ் அவன் மட்டும் பற்றவே இல்லை.

"அத்தை, அவன் பத்த மாட்டேங்குது."

"எவன் பத்த மாட்டேங்குறான்?" என்றார், தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார்.

மருமகள் சிரித்துக்கொண்டே மறுபடி நாபைத் திருகி, பட்டனை அழுத்தினார். ஒருமுறை, இரண்டு முறை, ஆறு முறை. அவன் கதவு மூடியே இருந்தது. திடீரென்று மாமியார் கத்தியை விட்டு எழுந்தார்.

"ஏம்மா, கேஸ் வாடை அடிக்குது. நிறுத்து!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அத்தை..."

தெரியாததில் ஆச்சரியம் இல்லை. நாம் சமைக்கும் எல்.பி.ஜி. வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. புகைபோல மேலே போகாது; தண்ணீர்போலக் கீழே இறங்கித் தரையில் தேங்கும். அதனால்தான் நின்றிருந்தவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் மூக்குக்குத் தெரிந்தது. இந்த வாயுவுக்குச் சொந்தமாக வாடையே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் நமக்கு வரும் எச்சரிக்கை மணி.

வாடை போகட்டும் என்று பேரன் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சை நோக்கி ஓடினான். "தொடாதடா!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றான். நல்லவேளை. சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே சின்னப் பொறி எழும். தேங்கிய வாயுவுக்கு அந்த ஒரு பொறி போதும்.

மருமகள் நாபை மூடினார். சிலிண்டர் ரெகுலேட்டரையும் அணைத்தார். ஜன்னல், பின்வாசல் கதவு, அவன் கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு மூவரும் வெளித் திண்ணைக்கு வந்தார்கள். "நாலு மணிக்கு கேக் போகணுமே" என்று மருமகளுக்குக் கண் கலங்கியது. "கேக் அரை மணி நேரம் தாமதமானா ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் மாமியார்.

அவர் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர். விறகடுப்பில் பாலைக் கிண்டுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவர். "தீக்குப் பக்கத்துல நிக்கிறவளுக்கு அவசரம் கூடாது" என்பது அவர் கண்ட பாடம்.

வாடை முழுக்கப் போன பிறகு உள்ளே வந்தார்கள். ரெகுலேட்டரைத் திறந்து, டியூப் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். நுரைக்குமிழ் வரவில்லை, கசிவு இல்லை. மேலே உள்ள அடுப்பு லைட்டருக்கு உடனே பற்றி, நீலமாக எரிந்தது. ஆக சிலிண்டரில் வாயு இருக்கிறது, ரெகுலேட்டரும் சரி. கோளாறு அவனுக்குள்தான்.

இந்த முறை அவனின் நாபைத் திறக்காமல் பட்டனை மட்டும் அழுத்தினார் மருமகள். 'டக்' சத்தமும் வரவில்லை, பொறியும் தெரியவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. முந்தின ராத்திரி அவனை ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்திருந்தார். பொறி விடும் பீங்கான் முனையில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருந்தன. அதைக் காய்ந்த துணியால் துடைத்துக் காற்றாட விட்டார். பழைய பேட்டரியை எடுத்துப் புதியதைப் போட்டார். 'டக்... டக்...' நீலப் பொறி தெறித்தது.

கதவைத் திறந்து வைத்து நாபை அழுத்தித் திருகினார். பற்றியது. கையை எடுத்ததும் அணைந்தது! ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பற்றவைத்து, இந்த முறை பதினைந்து எண்ணும்வரை நாபை அழுத்தியே பிடித்தார். நின்று எரிந்தது. தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்புக் கருவி இதுபோன்ற அவன்களில் உண்டு. அதன் முனை சூடேறினால்தான் வாயுவைத் தொடர்ந்து விடும். அதற்குச் சில நொடி ஆகும்.

உங்கள் வீட்டு அவன் பற்றவில்லை என்றால், இந்த வரிசையை மனதில் வையுங்கள்:

* ஒருமுறை பற்றாவிட்டால் நாபை மூடி, அவன் கதவைத் திறந்து, குறைந்தது ஐந்து நிமிடம் பொறுங்கள். அடுத்தடுத்து முயலாதீர்கள்.

* மேல் அடுப்பு எரிகிறதா பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் சிலிண்டர், ரெகுலேட்டர் பக்கம் பாருங்கள். தீரப்போகிறது என்று சிலிண்டரைச் சாய்ப்பதும், வெந்நீரில் வைப்பதும் ஆபத்து.

* பொறி வரவில்லையா? பேட்டரி, ஈரம், பிசுக்கு. கரன்ட்டில் வேலை செய்யும் அவன் என்றால் பிளக்கையும் பாருங்கள்.

* பொறி வந்தும் பற்றவில்லையா? பர்னர் துளை அடைத்திருக்கலாம். ரெகுலேட்டரை அணைத்து, அவன் ஆறிய பிறகு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்காதீர்கள்.

* நாபைப் பிடித்தும் அணைந்துகொண்டே இருந்தால், அது மெக்கானிக் வேலை. பாதுகாப்புக் கருவியைக் கழற்றிவிட்டு எரிய வைக்காதீர்கள்.

* தீக்குச்சியால் பற்றவைக்கலாம் என்று கையேட்டில் இருந்தால், முதலில் நெருப்பு, பிறகுதான் வாயு. மாற்றிச் செய்யவே கூடாது.

* டியூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். சுரக்ஷா டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

* வாடை போகவில்லை என்றால், எல்லோரும் வெளியே வந்து, வெளியிலிருந்தே 1906-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் அவசர எண் அது.

கேக் நாலரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தது. அரை மணி தாமதத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மருமகள் கையில் மாமியாருக்குக் கால் கிலோ பால்கோவா இருந்தது.

"எதுக்கும்மா இது?"

"தரையில உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினதுக்கு, அத்தை."