ஆயுதங்களை எண்ணினீர்கள், ஆட்களை எண்ணினீர்களா?

நேபாள அரசும் மாவோயிஸ்டுகளும் 2006 நவம்பர் 21 அன்று கையெழுத்திட்ட விரிவான அமைதி உடன்படிக்கையில், உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டோர், காணாமல் ஆக்கப்பட்டோர் விவரங்களை 60 நாட்களுக்குள் வெளியிட்டுக் குடும்பத்தினருக்குத் தெரிவிப்போம் என்று இரு தரப்பும் வாக்களித்தன. ஆண்டுகள் பல ஓடியும், 1,300க்கும் மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்பது அவர்களைப் பெற்றவர்களுக்கே தெரியவில்லை. காத்மாண்டுவுக்கு இதில் கூச்சமில்லை. அந்த அமைதியைத் தன் சாதனை என்று சொல்லிக்கொள்ளும் உலகத்துக்கும் கூச்சமில்லை. காத்மாண்டு, உலகம் இரண்டையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

உலகம் கைகொடுத்ததை மறுக்கவில்லை. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா அதிகாரம் முழுவதையும் கைப்பற்றியபோது இந்தியாவும் பிரிட்டனும் ஆயுத உதவியை நிறுத்தின. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அதே ஆண்டில் காத்மாண்டுவில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் மன்னரை எதிர்த்த ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் 12 அம்ச உடன்பாட்டை எட்டியது தில்லியில்தான். மறு ஏப்ரலில் மக்கள் வீதிக்கு வந்தார்கள், மன்னர் பணிந்தார். 2008 மே 28 அன்று முடியாட்சி முடிவுக்கு வந்தது.

ஆயுத விஷயத்தில் காட்டப்பட்ட கறார் வியக்க வைக்கிறது. 2007இல் வந்த ஐ.நா. குழு, மாவோயிஸ்டுகளின் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பதிந்து இரும்புக் கொள்கலன்களில் அடைத்தது. பூட்டின் சாவி மாவோயிஸ்டுகளிடம்; கண்காணிப்பு ஐ.நா.விடம். யாராவது திறந்தால் அலற எச்சரிக்கை மணியும் இருந்தது. 19,602 போராளிகள் நேர்கண்டு சரிபார்க்கப்பட்டார்கள். இந்தக் கவனத்தில் கால்பங்கு, ராணுவ முகாம்களுக்குள் போய்த் திரும்பாதவர்கள்மீதும் மாவோயிஸ்டுகள் கடத்திச் சென்றவர்கள்மீதும் காட்டப்பட்டிருந்தால் பல தாய்மார்களுக்குப் பதில் கிடைத்திருக்கும். தேர்தல் நடந்தது, மன்னர் போனார், போராளி முகாம்களுக்குப் பணம் வந்தது. 2011இல் ஐ.நா. குழுவும் மனித உரிமை அலுவலகமும் அடுத்தடுத்து மூடப்பட்டன.

பிறகு நடந்ததெல்லாம் இழுத்தடிப்பு. போர்க்காலக் குற்றங்களையும் காணாமல் ஆக்கப்பட்டோரையும் விசாரிக்கும் இரண்டு ஆணையங்கள் அமையவே 2015 ஆயிற்று. அவற்றில் 60,000க்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. கொடுங்குற்றங்களுக்கு மன்னிப்பு கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்ப்பளித்தும், ஆணையங்களின் சட்டத்தைத் திருத்த 2024 ஆகஸ்டு வரை காத்திருந்தார்கள். 2025 மே மாதம் புதிய ஆணையர்களை நியமித்தபோது, இது கட்சிகளின் பங்கீடு என்று பாதிக்கப்பட்டோர் அமைப்புகளே எதிர்த்தன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சேர்ந்து நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஐ.நா.வின் யோக்கியதையைக் காட்ட ஒரு வழக்கு போதும். 2004இல் காவ்ரே மாவட்டத்தைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி ராணுவக் காவலில் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தாள். அந்த வழக்கில் கைது ஆணை நிலுவையில் இருந்த அதிகாரி ஒருவர் ஐ.நா. அமைதிப்படையில் சாட் நாட்டில் பணியாற்றியது 2009இல் தெரியவந்தது. திருப்பி அனுப்பப்பட்டவரை ராணுவம் காவல்துறையிடம் ஒப்படைக்க மறுத்தது. 2017இல் அவரை விடுவித்த மாவட்ட நீதிமன்றம், வேறு மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த மூவரும் நீதிமன்றத்தின் பக்கமே வராததால் தீர்ப்பு ஏட்டில் கிடக்கிறது.

மன்னராட்சியே மேல் என்று 2025 மார்ச்சில் காத்மாண்டுவில் கூட்டம் திரண்டது. குடியாட்சி வாக்குத் தவறும்போது முடியாட்சிக்கு ஆள் சேர்வது இயல்பு. மன்னரின் படை செய்த கொலைகளைக் குடியரசு மூடி மறைத்தால், மாறியது பெயர் மட்டும்தான்.

ஆகவே, காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலைக் காத்மாண்டு உடனே வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டோர் ஒப்புதலுடன் ஆணையங்களைத் திருத்தியமைக்க வேண்டும். அமைதிப்படைக்கு வரும் ஒவ்வொரு நேபாள அதிகாரியின் கடந்தகாலத்தையும் ஐ.நா. தானே ஆராய வேண்டும். ராணுவத்தின் நற்சான்று போதாது. நிதி தரும் நாடுகள் ஆணையங்களின் சுதந்திரத்தை முன்நிபந்தனையாக்க வேண்டும். தில்லியில் உடன்பாட்டுக்கு இடம் கொடுத்த இந்தியா, நீதி என்று வரும்போது அது நேபாளத்தின் உள்விவகாரம் என்று ஒதுங்குவது நேர்மையல்ல. அன்று பேசிய இந்தியா இன்றும் பேசியாக வேண்டும்.