ரீமேப் செய்யும் முன் பேனலைத் திறங்கள்

வீட்டில் கட்டிய ஆர்கேட் கேபினெட்டில் ஒரு பட்டன் மக்கர் செய்தால், நம்மில் பலருடைய கை முதலில் போவது டேப் கீக்குத்தான். மேம் எமுலேட்டரின் மெனுவைத் திறந்து, அந்தப் பட்டனின் வேலையைச் சும்மா கிடக்கும் இன்னொன்றுக்கு மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறோம். ஸ்டிக்கை மேலே தள்ளினால் பேக்-மேன் கீழே ஓடுகிறதா, அதையும் மெனுவிலேயே திருப்பிவிடுகிறோம். அந்தத் திருப்பம் ஒரு சிஎஃப்ஜி கோப்பில்தான் இருக்கிறது. மெமரி கார்டு கெட்டுப் புதிதாக ஏற்றும் நாளிலோ, இன்னொரு எமுலேட்டரைச் சேர்க்கும் நாளிலோ கோளாறு அப்படியே திரும்பி வரும். அதற்குள் எந்த வயரை எங்கே மாட்டினோம் என்பதும் மறந்திருக்கும். வயரிங்கில் வந்த தப்பை வயரிங்கில்தான் திருத்த வேண்டும் என்பது இந்த இதழின் கட்சி.

திருத்துவது பெரிய வித்தையும் இல்லை. விண்டோஸ் என்றால் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரையையும், லினக்ஸ் என்றால் ஜேஎஸ்டெஸ்டையும் திறந்து வையுங்கள். ஐ-பேக் போலக் கீபோர்டாக நடிக்கும் போர்டுக்கு, கன்ட்ரோல், ஆல்ட் விசைகளையும் காட்டும் கீபோர்டு சோதனைத் திரை வேண்டும்; நோட்பேடில் அவை தெரியாது. பிறகு பட்டனை விட்டுவிட்டு, பட்டன் வயர்கள் வந்து சேரும் என்கோடர் போர்டில் அந்தப் பட்டனுக்கான முனையையும் கிரவுண்டையும் ஒரு துண்டு வயரால் தொடுங்கள். திரையில் அசைவு தெரிந்தால் போர்டு, யூஎஸ்பி, மென்பொருள் மூன்றும் சுத்தம். கோளாறு போர்டுக்கும் பட்டனுக்கும் நடுவில் இருக்கிறது. சில போர்டுகளில் பக்கத்திலேயே 5 வோல்ட் முனையும் இருக்கும். அதைக் கிரவுண்டோடு தொட்டுவிட வேண்டாம்.

மிச்சத்தைக் கோளாறின் போக்கே சொல்லிவிடும். ஒற்றைப் பட்டன் செத்தால் அதன் சுவிட்சையோ, வயர் முனையில் மாட்டும் லக்கையோ பாருங்கள். அடுத்தடுத்து நாலு பட்டன் சேர்ந்து செத்தால் கிரவுண்டைப் பிடியுங்கள். போர்டிலிருந்து கிளம்பும் கிரவுண்டு வயர் பட்டன் பட்டனாகத் தாவிப் போவதால், ஓரிடத்தில் விட்டால் அதற்கப்புறம் உள்ளவை எல்லாம் ஊமை. கடைசியாக உயிரோடு இருக்கும் பட்டனுக்கும் முதலில் செத்ததற்கும் இடையில் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். கடைசிப் பட்டனிலிருந்து ஒரு வயரைப் போர்டின் கிரவுண்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து வளையமாக்கிவிட்டால், ஓரிடம் அறுந்தாலும் எல்லாப் பட்டனும் ஓடும். அறுந்தது தெரியாமலே போய்விடுமே, இதுவும் ரீமேப் போல மூடி மறைப்பதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும் நாங்கள் வளையத்தின் பக்கமே. பேனலைத் திறக்கும்போதெல்லாம் திரும்பும் வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதித்தால் அந்தக் குறை தீரும்.

ஆட்டம் தொடங்கியதுமே துப்பாக்கி தானாகச் சுட்டுக்கொண்டிருக்கிறது, பட்டனை அழுத்தினால் நிற்கிறது என்றால் சிரித்துவிட்டு லக்கை மாற்றுங்கள். மூன்று கால் மைக்ரோசுவிட்சில் காம், என்ஓ இரண்டும்தான் நமக்கு வேண்டும்; நீங்கள் என்சியில் மாட்டியிருக்கிறீர்கள்.

ஸ்டிக் சங்கதி வேறு. அதன் தண்டு நடுவில் தாங்கப்பட்டிருப்பதால், பிடியை மேலே தள்ளினால் அடிமுனை எதிர்ப்பக்கம் சாய்ந்து கீழ்ப்பக்கத்து சுவிட்சை அழுத்துகிறது. போதாததற்கு, நாம் வயர் மாட்டுவது பேனலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு. இரண்டும் சேர்ந்தால் யாருக்கும் தலை சுற்றும். திசையை யோசித்து யோசித்து மாட்டுவதைவிட, பிடியை ஒரு பக்கம் தள்ளி, எந்த சுவிட்ச் 'டிக்' என்கிறது என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது மேல்.

விட்டு விட்டு வேலை செய்யும் பட்டன்தான் உயிரை வாங்கும். பெரும்பாலும் லக் அளவுதான் காரணம். சான்வாவின் 30 மி.மீ. பட்டனுக்கு 2.8 மி.மீ. லக் வேண்டும், அமெரிக்க வகைப் பட்டன்களில் 4.8 மி.மீ. அதிகம். வண்டி வயரிங்குக்கு விற்கும் 6.3 மி.மீ. லக்கை குறடால் நசுக்கி மாட்டினால் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் கழன்று கொள்ளும். இன்னொன்று, செம்பைப் பிடிக்காமல் மேலுறையைக் கவ்விய கிரிம்ப். பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும். விரலால் இழுத்துப் பார்த்தால் வயர் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

பேனலைத் திறக்கத் தேவையில்லாத கோளாறும் ஒன்று உண்டு. ஒரே மாதிரியான இரண்டு ஜீரோ டிலே என்கோடர் போர்டுகளை மாட்டியவர்களுக்கு ரீபூட் ஆனதும் முதல் ஆட்டக்காரரும் இரண்டாமவரும் இடம் மாறிப்போவது அது. இரண்டும் ஒரே பெயரைச் சொல்வதால் கணினி முதலில் கண்டதை முதலாவதாக வைத்துக்கொள்கிறது. யூஎஸ்பி போர்ட்டை வைத்து அடையாளம் காணும்படி மென்பொருளில் அமைத்தால் சரியாகும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் கேபினெட்டைப் பற்றி எழுதி அனுப்பும்போது பின்கதவைத் திறந்து எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். முன்பக்க ஸ்டிக்கர் படங்கள் எங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கின்றன.