அஞ்சுங் குதிரையை லொறியில் ஏற்றுதல்

கண்டிப் பகுதியிலிருந்து நுவரெலியாப் பந்தயத் திடலுக்குக் குதிரை கொண்டுசெல்வோர், ஹந்தானை மலைத்தொடரின் அடியாற் செல்லும் பேராதனை – கம்பளை வீதியைப் பிடித்து, இறம்பொடை வளைவுகளில் ஏறுதல் வேண்டும். பேராதனை கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 480 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. லொறியில் முன்னர் ஏறியறியாத குதிரையைப் புறப்படும் நாளன்றே முதன்முதலாக ஏற்றி இவ்வழியே கொண்டுசெல்லும் வழக்கம் கைவிடப்படவேண்டும் என்பது எமது துணிபு.

ஹந்தானையில் ஒரு தோட்டப் பாதையோரத்தே யாம் கண்ட காட்சி இது. இளங் குதிரையொன்றை நால்வர் சூழ்ந்து நின்றனர். ஒருவர் கயிற்றைப் பிடித்திழுக்க, மற்றொருவர் பின்னின்று பிரம்பால் அடித்தார். குதிரை பின்னெழுந்து, லொறியின் மேல்விளிம்பில் தலையை மோதிக்கொண்டது. “முரட்டுக் குதிரை” என்றனர். அது முரடன்று, அச்சமே. வெயிலில் நிற்கும் குதிரையின் கண் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் செல்லும். அதற்கு லொறியின் உட்புறம் ஒரு குகையாகவே தோன்றும். காலடியிற் பலகை அதிர்ந்து ஒலித்தால் அது மேலும் மருளும். அடியோ, அங்கே அஞ்சத்தக்கது உண்டு என்பதை அதற்கு உறுதிப்படுத்துகின்றது.

ஆகவே பயணத்திற்குச் சில வாரங்கள் முன்னரே பயிற்சியைத் தொடங்குக. நம் மலைச்சரிவுகளில் இதற்கு நல்ல வசதியுண்டு. லொறியின் பின்புறத்தை மண்மேட்டோடு அணைத்து நிறுத்தினால், செங்குத்தான ஏற்றுபலகை தேவைப்படாது. தளத்தில் தும்புப் பாயை விரித்து, வெளிச்சம் உட்புகச் செய்து, அன்றாடத் தீனியை அங்கேயே கொடுத்து வருக. பின்னர் பழகிய குதிரையொன்றைத் துணையாக ஏற்றி, அண்மையிற் சிறிது தூரம் மட்டும் ஓட்டிப் பழக்குக. லொறியாயினும் இழுவை வண்டியாயினும் முறை இதுவே.

ஒன்றை மறவற்க. பின்தடுப்பைப் பூட்டிய பின்னரே குதிரையின் தலையைக் கட்டுதல் வேண்டும். இறக்கும்போது தலைக் கயிற்றை அவிழ்த்த பின்னரே தடுப்பைத் திறத்தல் வேண்டும். இம்முறை மாறினால், பின்வாங்கும் குதிரை கயிற்றில் அகப்பட்டு வெருண்டு வீழ்ந்துவிடும். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழக்கூடியதாயிருத்தல் நன்று. கயிற்றை மிகக் குறுக்கிக் கட்டுவதும் தீது. நெடுநேரம் தலை தாழ்த்த இயலாத குதிரையின் மூச்சுக்குழாயிற் சளியும் தூசும் தேங்க, நுரையீரல் நோய் தொடரலாம். மயக்க மருந்தைத் தாமாகக் கொடுப்போரும் உளர். மருந்துண்ட விலங்கு வளைவுகளில் நிலைகொள்ளாது தடுமாறும். அதனை மிருக வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

குதிரை தன் கால்களை அகட்டியே சமநிலை கொள்கின்றது. இருபுறமும் நெருக்கி அடைத்தால் விழாது என்று எண்ணுவது தவறு. அகட்ட இடமின்றேல் அது உதைத்துத் தவிக்கும். சாரதிகளோ இதனை அறியார். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியைப் போலவே ஓட்டுவர். வளைவிற்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, பிறேக்கை மெல்ல அழுத்துமாறு குதிரைக்காரரே அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்கவேண்டும்.

வழியில், இறம்பொடை ஏற்றத்திற்கு முன்னர், நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுக. வியர்வையில் நனைந்த குதிரை நுவரெலியாக் குளிரிற் சென்று இறங்கும். இறக்கியவுடன் உடலை நன்கு துடைத்து, கம்பளி போர்த்தி, கொட்டிலிற் கட்டுமுன் சிறிது நேரம் மெல்ல நடத்துக.