மைக் வாங்குறதுக்கு முன்னாடி ரூமுக்குள்ள ஒரு தடவை கைதட்டிப் பாருங்க!

போன மாசம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணி. ஆலங்குடி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஆன்லைன் கடை கார்ட். கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ரெண்டு ஸ்பீக்கர், சுவரில் ஒட்டுகிற ஃபோம் 24 பீஸ். மொத்தம் 42,000 ரூபாய்.

"அக்கா, வீட்லயே ஸ்டுடியோ போடப் போறேன். 12 மாச இ.எம்.ஐ. போதுமா பாரு."

வட்டி இல்லாமலே மாசம் 3,500 ரூபாய். அவன் வேலை பார்க்கிற கடையில் வாங்கும் சம்பளம் எனக்குத் தெரியும். "பொறுடா, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றேன்.

அவசரப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் அப்பத்தா நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் பாடும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதை என் போனில் ரெக்கார்டு பண்ணினேன். டைல்ஸ் போட்ட ஹால், தலைக்கு மேலே ஃபேன், ஆறடி தள்ளி போன். 2 நிமிடம் 40 விநாடி. போன தை மாசம் அப்பத்தா போய்ச் சேர்ந்தது. காரியம் முடிந்து அந்த ஆடியோவைப் போட்டுக் கேட்டோம். ஃபேன் சத்தம்தான் பாடியது. என் கையில் இருந்தது நல்ல விலை கொடுத்து வாங்கிய போன்தான். போனில் ஒரு குறையும் இல்லை.

அதனால் இந்த வாரம் இதைப் பற்றியே பேசிவிடலாம் மக்களே.

முதல் செலவு: பூஜ்யம்

ஊருக்குப் போனதும் அவன் காட்டிய அறையில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டினேன். 'டங்ங்...' என்று ஒரு உலோக வால் நீண்டது. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, காலி அறை என்றால் குரல் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி வரும். பாடுகிற குரலோடு அதையும் மைக் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். விலை உயர்ந்த கண்டென்சர் மைக் நுணுக்கமானது என்பதால், எதிரொலியையும் நுணுக்கமாகப் பிடிக்கும். பதிவில் எதிரொலி ஏறிவிட்டால், எந்த சாஃப்ட்வேராலும் முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது.

நம்ம மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனலை எல்லாருக்கும் தெரியும். சின்ன வீரமங்கலத்தில் 2018-ல் ஆரம்பித்து, 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டவர்கள். அவர்கள் சமைப்பது திறந்தவெளியில். அங்கே சுவர் கிடையாது, அதனால் குரல் திரும்பி வர வழியும் கிடையாது. வெட்டவெளியில் தொல்லை தருவது காற்றுதான். அதற்கு மைக்கில் ஒரு பஞ்சு உறை போட்டால் போதும். நாலு சுவருக்குள் வந்ததும்தான் எதிரொலிப் பிரச்னை தொடங்குகிறது.

வீட்டில் எந்த அறை தேறும் என்று ஒவ்வொன்றாகக் கை தட்டிப் பார்த்தோம். ஜெயித்தது எது தெரியுமா? நெல் மூட்டை அடுக்கி வைத்த பின்பக்க அறை! சாக்கும் நெல்லும் சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொள்கின்றன. மூட்டை இல்லாத வீட்டில் பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். கனமான போர்வையைக் கொடி கட்டித் தொங்க விடுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி பாடினாலும் வித்தியாசம் தெரியும்.

முட்டை அட்டை ஒட்டலாமா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். வேண்டாம். அது வெளிச்சத்தம் எதையும் தடுக்காது, எதிரொலியையும் பெரிதாகக் குறைக்காது, தீப்பிடித்தால் ஆபத்து. மெல்லிய ஃபோமும் பக்கத்து வீட்டு டி.வி-யைத் தடுக்காது. எதிரொலியைக் குறைப்பது வேறு, வெளிச்சத்தத்தை அடைப்பது வேறு. வெளிச்சத்தத்தை அடைக்க கனமான சுவரும் இடுக்கு இல்லாத கதவும் வேண்டும். அது நம்ம பட்ஜெட்டில் வராது. நமக்குக் கட்டுப்படியாவது நேரம்தான். ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஊர் அடங்கிய பிறகு பதிவு செய்யுங்கள். விராலிமலைப் பக்கத்து மக்கள் மயில்களிடம் தனியாகப் பேச்சுவார்த்தை நடத்திக்கொள்ளவும்!

ரஹ்மானும் இப்படித்தான் ஆரம்பித்தார்

1989-ல் சென்னையில் தன் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ஸ்டுடியோவைத் தொடங்கினார் ஏ.ஆர்.ரஹ்மான். கட்டி முடித்தபோது உள்ளே ஏ.சி., அலமாரி, தரைவிரிப்பு மட்டும்தான் இருந்ததாம். கருவி வாங்கக் காசில்லை. அம்மா தன் நகையை அடகு வைக்கக் கொடுத்த பிறகுதான் முதல் ரெக்கார்டர் வந்தது என்று பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அமெரிக்காவில் பில்லி ஐலிஷும் அவர் அண்ணனும் வீட்டு பெட்ரூமில் உருவாக்கிய ஆல்பம், 2020-ல் கிராமியின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கியது.

இவர்களுக்கெல்லாம் திறமையும் உழைப்பும்தான் முதலில். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அறை முன்னாடி வந்தது, கருவி ஒவ்வொன்றாகப் பின்னாடி வந்தது.

தம்பி வாங்கியது என்ன?

42,000 ரூபாய் கார்ட்டை அழித்துவிட்டு நாங்கள் வாங்கியது இவ்வளவுதான்.

யூ.எஸ்.பி டைனமிக் மைக்: 3,800 ரூபாய்
காதை முழுசாக மூடும் ஒயர் ஹெட்போன்: 1,600
மடக்கு ஸ்டாண்ட்: 650
பாப் ஃபில்டர்: 250
போனோடு இணைக்க ஓ.டி.ஜி அடாப்டர்: 200

மொத்தம் 6,500 ரூபாய். பிராண்டைப் பொறுத்து விலை கொஞ்சம் கூடலாம், குறையலாம். டைனமிக் மைக் கிட்டத்தில் இருக்கிற குரலையே அதிகம் வாங்கும் என்பதால், நம்ம மாதிரி சுமாரான அறைக்கு அதுதான் தோது. ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். சத்தம் தாமதமாக வந்து தாளம் தப்பும். சாஃப்ட்வேருக்குக் காசே வேண்டாம். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி, ஆண்ட்ராய்டில் பேண்ட்லேப், ஐபோனில் கராஜ்பேண்ட் எல்லாமே இலவசம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும். அப்போதுதான் 'ப' சொல்லும்போது காற்று நேராக மோதாது. லெவல் மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது; உச்சக் குரலே மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஃபைலை எம்.பி-3 ஆக இல்லாமல் வேவ் ஆகச் சேமியுங்கள். கடைசியாக, ரெண்டு இடத்தில் காப்பி. போன் தொலைந்தால் பாட்டும் தொலையக் கூடாது.

முதல் பாட்டு யாருடையது?

எல்லாம் தயாரானதும் "நீ பாடுடா" என்றேன். அவன் எழுந்து போய், அப்பத்தாவோடு சேர்ந்து நடவுக்குப் போன சின்ன அப்பத்தாவைக் கூட்டி வந்தான். இந்த யோசனையை என்னிடம்கூடச் சொல்லவில்லை பாவி.

ராத்திரி பத்து மணி. நெல் மூட்டை மேல் உட்கார்ந்து அது நாலு பாட்டு பாடியது. ஹெட்போனை மாட்டிவிட்டுப் போட்டுக் காட்டினோம். அழும் என்று நினைத்தேன். அதுவோ முகத்தைச் சுளித்து, "நடுவுல ஒரு அடிய விட்டுட்டேன்டா. மறுக்காப் போடு" என்றது. ரெண்டாவது டேக் எடுத்தோம். மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது.

நெட்டில் போடலாமா என்று கேட்டோம். "நடவுப் பாட்டைப் போடு. ஒப்பாரிய வீட்டோட வச்சுக்க" என்று சொல்லிவிட்டது. அப்படியே செய்திருக்கிறோம். நீங்களும் பெரியவர்கள் குரலைப் பதிவு செய்தால் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

நம்ம ஊர் குடுமியான்மலைக்குப் போனால், 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டைப் பார்க்கலாம். பாறையில் வரிவரியாக ஸ்வரங்கள். மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. ஸ்வரம் இத்தனை நூற்றாண்டு நின்றுவிட்டது. அதைப் பாடிய குரல் எப்படி இருந்தது என்று கேட்க வழியில்லை. அன்றைக்கு அதற்குக் கருவி இல்லை. இன்றைக்கு நம்ம சட்டைப் பையிலேயே இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மைக்கூட வாங்க வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள், மெத்தையைச் சாய்த்து வையுங்கள், வீட்டில் இருக்கிற பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து போனை ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். மீதியை அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம், பதிவு செய்த குரலில் இரைச்சலைக் குறைப்பது எப்படி என்று பார்ப்போம். வரட்டுமா!