சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல்

ஃபோர்க்லிப்ட் ஹேண்ட்பிரேக் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் சிரித்தார். "ஏன்யா, கவிதை வரலியா?" வரவில்லைதான். உடல், உடலரசியல் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கும் உடலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோமே.

நான் வங்கிக் குமாஸ்தா. கடன் கொடுத்த இயந்திரங்களைப் பார்வையிட அதிகாரி போகும்போது சில நேரம் கூடப் போவேன். அப்படித்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்குக்குப் போனோம். மூன்று டன் தூக்கும் டீசல் வண்டி. அதன் சொந்த எடையே நாலு டன்னுக்கு மேல். பின்பக்கம் எங்கள் வங்கியின் பெயர் பெயிண்டில் பளிச்சென்று இருந்தது. முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல்.

ஓட்டுகிற தம்பியிடம் கேட்டேன். "பிரேக் நிக்காதுண்ணா. லீவரப் போட்டுட்டு எறங்குனா மெதுவா நகரும். சொல்லி ரெண்டு மாசமாவுது. வண்டிய நிறுத்துனா லோடு நிக்கும்ங்கிறாங்க. நான் காண்ட்ராக்ட்டு. ரொம்பப் பேசுனா கேட்பாஸ் போயிடும்."

படிவத்தில் கேள்விகள் உண்டு. வண்டி இருக்கிறதா, இன்சூரன்ஸ் கட்டியாச்சா, வங்கிப் பெயர் எழுதியிருக்கிறதா. பிரேக் பிடிக்கிறதா என்று கேள்வி இல்லை. நிரப்பியவன் நான். நானும் எழுதவில்லை.

அந்த லீவரின் தலையில் ஒரு திருகு இருக்கும். திருகினால் கேபிள் இறுகும், லீவர் கெட்டியாகத் தெரியும். மேற்பார்வையாளர் அதைத் திருகிவிட்டு "சரியாப் போச்சு" என்பார். ஆனால் உள்ளே டிரம்மில் ஷூ தேய்ந்திருந்தால், ஆக்ஸில் சீல் கசிந்து லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால், திருகு என்ன செய்யும்? மாற்றத்தான் வேண்டும். சமதரையில் ஃபோர்க்கைத் தரைவரை இறக்கி, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரமும் டிரம்மும் கழற்ற வேண்டும். கசிகிற சீலை விட்டுவிட்டு ஷூவை மட்டும் மாற்றினால் புது ஷூவும் ஊறிப்போகும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் கூடாது. முழுச் சுமையோடு 15 சதவீதச் சரிவில், அதாவது 100 அடிக்கு 15 அடி ஏறும் சரிவில், நிற்க வேண்டும் என்பது இவ்வகை வண்டிகளுக்கான சர்வதேச அளவு. செங்கல்லுக்கு அப்படி அளவு எதுவும் கிடையாது. அது நொறுங்கும்.

பாகங்கள் கையில் இருந்தால் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளைத்தான் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். கால் போன பிறகு 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று கோப்பில் ஏறும். கோப்பு எப்படி எழுதப்படும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

சங்கத்துத் தோழர் ஒருவர், "பணி நிரந்தரம்தான் முதல்ல, பிரேக்கெல்லாம் சில்லறைக் கோரிக்கை" என்றார். நிரந்தரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நிரந்தரம் வருகிறவரை அந்தத் தம்பி தினமும் அந்த வண்டிக்கு முன்னால்தான் இறங்கி நிற்கிறான். பிரேக் பிடிக்காத வண்டியின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும் அதிகாரம், காண்ட்ராக்ட்டோ நிரந்தரமோ, ஓட்டுகிறவனுக்கு இருக்க வேண்டும். கோரிக்கைப் பட்டியலில் அதை முதலில் எழுதுங்கள்.

என் பங்குக்கு, படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் "ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை, மாற்றிய பில் தேவை" என்று பிறகு எழுதி வைத்தேன். தம்பி பேரு அதில் இல்லை. அதிகாரி மேசையில் கிடக்கிறது. இன்னும் கையெழுத்தாகவில்லை.