தம்புரா சொல்லும் சாட்சி

பிரகலாதன் தன் தந்தைக்கு எடுத்துரைத்த ஒன்பது வகைப் பக்தியுள் முதலாவதாக வைக்கப்பெற்றது சிரவணம். இறைவன் புகழைச் செவியாரக் கேட்பது என்பது அதன் பொருள். பிரகாரத்தை வலம்வரக் கால்கள் இடம் கொடாத முதுமையிலும், எழுத்தைப் படிக்கக் கண்கள் ஒத்துழையாத காலத்திலும் இந்த ஒரு வழி திறந்தே இருக்கிறது. அதனாலேயே பல இல்லங்களில் பூசை அறைக்கு அடுத்தபடியாகப் போற்றப்படுவது, இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் குறுந்தகடுகளும் அடுக்கி வைக்கப்பட்ட அலமாரி.

அவற்றுள் பெரும்பாலானவை தொகுப்புகள். முருகன் பாடல்கள், அம்மன் பாடல்கள் எனப் பலருடைய பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து வெளியிடப்பட்டவை. கடையில் கேட்டுப் பார்த்து வாங்கியவை சில. பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு, கேளாமலேயே வி.பி.பி. தபாலில் வரவழைத்தவை சில. ஒரே பாடல் மூன்று நான்கு தொகுப்புகளில் இடம்பெற்றிருப்பதும் உண்டு. பாடியவர் ஒருவரே, ஆயினும் ஒன்றில் அவர் எதிரில் அமர்ந்து பாடுவது போலிருக்கிறது, மற்றொன்றில் குடத்துக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கிறது.

இந்த வேறுபாட்டை அறிவது வெறும் பொழுதுபோக்கு அன்று. வீடு மாறும்போது, “எல்லாம்தான் செல்போனிலேயே கிடைக்கிறதே” என்று பிள்ளைகள் பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடும் காலம் இது. அந்தப் பெட்டியில் எது மீண்டும் கிடைக்கும், எது கிடைக்காது என்பதைச் சொல்லக்கூடியவர் வீட்டிலுள்ள முதியவரே. அவர் அதைச் சொல்லுமுன் தாமே அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

மூன்று நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் வரை

1902-ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்த பிரெட் கைஸ்பர்க், கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். இந்திய மண்ணில் இசைத்தட்டு வரலாறு அங்கே தொடங்குகிறது. அந்நாளைய தட்டுகள் அரக்கைக் கொண்டு செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடமே இடம். கே.பி. சுந்தராம்பாளும் எம்.கே. தியாகராஜ பாகவதரும் அந்தச் சிறிய இடத்துக்குள்தான் கேட்போர் உள்ளத்தை உருக்கினார்கள்.

1948-இல் அமெரிக்காவில் அறிமுகமான எல்.பி. தட்டு, ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடம் கொடுத்தது. பக்தி இசைக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி. தட்டாக வெளிவந்தது. சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என நான்கு பகுதிகளும் 70 சுலோகங்களும் கொண்ட அப்பாராயணம் சுமார் 20 நிமிடம் ஒலிப்பது. பழைய 78 தட்டுகளில் பதிந்திருந்தால் ஏழு பக்கங்கள் தேவைப்பட்டிருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருந்திருக்கும். எல்.பி. வந்ததனால் விடியற்காலை வழிபாடு இடையறாத ஒலியோடு இல்லங்களுக்குள் வந்தது.

அதே 1963-ஆம் ஆண்டில்தான் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது. பின்னாளில் சுப்ரபாதத்தையும் கந்தர் சஷ்டி கவசத்தையும் சிற்றூர்த் தேநீர்க் கடை வரை கொண்டு சேர்த்தது இந்தச் சிறு பெட்டியே.

தொகுப்புகளில் நேரும் குறைகள்

தபால் வழியாகத் தொகுப்புகளை விற்பது 1960-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும் வணிகமாக வளர்ந்தது. ரீடர்ஸ் டைஜஸ்ட், டைம்-லைஃப் ஆகிய பதிப்பகத்தார் பல தட்டுகள் அடங்கிய பெட்டிகளை வீடுகளுக்கு அனுப்பினர். கனடாவின் வின்னிபெக் நகரத்துக் கே-டெல் நிறுவனம், தொலைக்காட்சி விளம்பரத்தின் துணையோடு ஒரே தட்டில் 20 பாடல்களை அடைத்து விற்றது. அந்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்டு அறிந்த குறைகள், தமிழ்ப் பக்தித் தொகுப்புகளை மதிப்பிடவும் உதவுகின்றன.

முதலாவது, இடநெருக்கடி. எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் 25 நிமிடத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் கோடுகளை நெருக்கமாக வெட்ட வேண்டும். அதற்காக ஒலியின் வலிமையையும் கீழ்நாதத்தையும் குறைப்பார்கள். சில சமயம் பாடலின் முடிவே வெட்டுண்டு போகும். ஆகவே, “அதிகப் பாடல்கள்” என்னும் விளம்பரம் ஒலியைப் பொறுத்தவரை நல்ல செய்தி அன்று.

இரண்டாவது, பிரதியின் பிரதி. ஒலிப்பதிவுக் கூடத்தின் மூல நாடாவிலிருந்து நேரே எடுத்த பிரதி ஒரு தரம். அதிலிருந்து எடுத்ததிலிருந்து எடுத்தது மற்றொரு தரம். நாடாவில் படி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், நுண்ணொலி குறையும். மூலம் பழுதானால் பளபளக்கும் குறுந்தகடும் அப்பழுதையே திருப்பித் தரும்.

மூன்றாவது, மாற்றம். ஒற்றை ஒலியில் பதிந்த பழைய பாடலைப் பின்னாளில் ஸ்டீரியோ போலத் தோன்றச் செய்ய எதிரொலி சேர்ப்பதுண்டு. அதே பாடகர் முதுமையில் மீண்டும் பாடியதையோ, அதே மெட்டில் வேறொருவர் பாடியதையோ சேர்ப்பதும் உண்டு. உறையின்மேல் இறைவன் திருவுருவம் பெரிதாக இருக்கும். பாடியவர் பெயர் பின்புறம் சிற்றெழுத்தில் இருக்கும். முதலில் படிக்க வேண்டியது அந்தச் சிற்றெழுத்தையே.

கேசட்டுக்கு உரிய குறை வேறு. ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். கேசட்டிலோ 5 சென்டிமீட்டரும் இல்லை. 4 மில்லிமீட்டருக்கும் குறைந்த அதன் அகலத்துக்குள் ஸ்டீரியோவின் இரு பக்கங்களுக்குமாக நான்கு தடங்கள் அமைந்தாக வேண்டும். 90 நிமிடக் கேசட்டின் நாடா, 60 நிமிடத்ததைவிட மெல்லியது. ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் படிந்து, பாடல் தொடங்குமுன்பே அதன் நிழல்போல மெல்லக் கேட்பது இத்தகைய மெல்லிய நாடாவில் மிகுதி.

செவியால் சோதிக்கும் முறை

இரண்டு பிரதிகளை ஒப்பிடுமுன் ஒலியளவைச் சமமாக்கிக் கொள்ளல் வேண்டும். உரக்க ஒலிப்பது எதுவாயினும் நன்றாக இருப்பதாகவே செவிக்குத் தோன்றும். பின்னர் பாடகரின் குரலை விட்டுவிட்டு, அதன் பின்னால் ஒலிக்கும் தம்புராவைக் கேட்க வேண்டும்.

தம்புரா இடையறாது ஒலிப்பது. அதன் குதிரைமேல் தந்திக்கு அடியில் செருகப்படும் சிறு நூலே அந்த ரீங்காரத்தை எழுப்புகிறது. மேலெழும் அந்த நுண்ணொலிகள், தரம் குறைந்த பிரதியில் முதலில் மறைபவை. தம்புரா அலைவது போலக் கேட்டால் நாடாவின் வேகம் சீராக இல்லை. நீருக்குள்ளிருந்து வருவது போலக் குழைந்தால், டிஜிட்டல் கோப்பை அளவுக்கு மீறிச் சுருக்கியிருக்கிறார்கள். பாடகர் நிறுத்தும் இடத்தில் தம்புராவும் சேர்ந்து அறவே மறைந்தால், இரைச்சலை நீக்குவதாகச் சொல்லி இசையையும் துடைத்துவிட்டார்கள். பழைய தட்டின் மெல்லிய கரகரப்பு பிழை அன்று. சற்று நேரத்தில் செவி அதை மறந்துவிடும். கரகரப்போடு சேர்த்துக் குரலின் உயிரையும் எடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

அடுத்தது உச்சரிப்பு. ‘சரவணபவ’ என்னும் ஆறெழுத்தில் முதல் எழுத்தைக் கவனித்தால் போதும். அது சீறினால் தட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது ஊசி தேய்ந்திருக்கிறது. ஊசி உட்புறம் நெருங்க நெருங்க அதன் கீழ் ஓடும் கோட்டின் வேகம் குறைவதால், ஒரு பக்கத்தின் கடைசிப் பாடலில் இக்குறை மிகும். ஆதலின் சோதிப்பவர் முதற்பாடலோடு நிறுத்தாமல் கடைசிப் பாடலையும் கேட்டல் நலம்.

மூன்றாவது சுருதி. வேகம் 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். 20 நிமிடப் பாராயணம் ஏறத்தாழ 19 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே பதிவின் இரு பிரதிகள் கால அளவில் இவ்வாறு மாறுபட்டால் ஒன்றில் வேகம் தவறு. பழைய கேசட் இயந்திரத்தின் பெல்ட் தளர்ந்தால் சுருதி இறங்கும். 78 தட்டுகளிலும் தொடக்ககாலத்தவை பல சரியாக 78 சுற்றில் பதிந்தவை அல்ல. அந்தப் பாடகரின் கச்சேரியை நேரில் கேட்டவர் ஒருவர், “இவர் குரல் இவ்வளவு மெல்லியது அன்று” என்று சொன்னால், அச்சொல்லுக்கு மதிப்பு உண்டு.

தாத்தாவும் பேத்தியும்

வயது ஏற ஏற, செவி முதலில் இழப்பது மிக உயர்ந்த நுண்ணொலிகளைத்தான். நாடாவின் ‘உஸ்’ என்னும் இரைச்சலைப் பேத்தி கேட்பாள், தாத்தா கேட்கமாட்டார். சுருதி பிசகியதையும், பாடம் மாறியதையும், பாடுபவர் அவரல்லர் என்பதையும் தாத்தா உணர்வார், பேத்தி உணரமாட்டாள். ஆகவே இந்தச் சோதனையை இருவரும் சேர்ந்து அமர்ந்து செய்வதே முறை. பாடலைப் பற்றிய பேச்சு அப்போது தானே எழும். யார் பாடியது, எந்தத் திருவிழாவில் முதலில் கேட்டது, பாட்டி எந்த அடியில் கண்ணீர் விட்டார் என்பன எந்த உறையிலும் அச்சாகாத செய்திகள்.

காக்கும் முறை

தட்டுகளை நூல்களைப்போல நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தலும், கோடையில் கொதிக்கும் பரணில் போட்டு வைத்தலும் ஆகா. அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தல் கூடாது. அரக்கு அதில் கரையும். 78 தட்டுக்கும் எல்.பி. தட்டுக்கும் ஊசி வேறு. ஒன்றன் ஊசியால் மற்றொன்றை ஓடவிட்டால் கோடுகள் கெடும். கேசட்டுகளை ஒலிபெருக்கியின் காந்தத்தருகே வைக்காமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுவதும் ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றுதல் வேண்டும். வெண்பூசணம் பிடித்த நாடாவை அப்படியே ஓடவிட்டால் இயந்திரமும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் அது தொற்றும்.

டிஜிட்டலுக்கு மாற்றும்போது, இரைச்சல் எதையும் நீக்காத, சுருக்காத பிரதி ஒன்றை முதலில் எடுத்து வைத்தல் வேண்டும். துப்புரவு செய்வதானால் அதன் நகலில் செய்யலாம். பாடியவர் பெயர், நிறுவனம், தட்டின் எண், பக்கம் ஆகியவற்றைக் குறித்து, உறையையும் உடன் வைத்தல் வேண்டும்.

அத்தனையையும் காப்பது எல்லா இல்லங்களுக்கும் இயலாது. இரண்டு கேசட்டுகளில் ஒரே பாடல் இருந்தால் தம்புரா தெளிவாகக் கேட்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம். வேறெங்கும் தேடிக் கிடைக்காத ஒரு குரலையோ, ஊர்க் கோயில் உற்சவத்தில் வீட்டார் பதிந்த நாதசுவரத்தையோ முதலில் பிரதி எடுக்கலாம். வாரம் ஒரு கேசட் என்று எடுத்துக்கொண்டாலும் ஓராண்டில் ஐம்பது முடியும். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றியபின் ஒரு மணி நேரம் அதற்குப் போதும்.